மேடை ஏறாத பையன்கள் ஏன் 'சைக்கிள்' போடுகிறார்கள்?

தர்மபுரி ஜிம்களில் ஆணழகன் போட்டிப் பக்கமே போகாதவர்கள்கூட ஏன் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். (சில வாரம் தொடர்ந்து போடும் ஒரு சுற்றுக்குத்தான் 'சைக்கிள்' என்று பெயர்.)

முதல் காரணம், மருந்து வேலை செய்கிறது. 'எல்லாம் வெறும் தண்ணி' என்று பயமுறுத்தினால் பையன் நம்ப மாட்டான். பக்கத்து பெஞ்சில் கண்ணால் பார்க்கிறானே! 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வாரம் 600 மி.கி. வீதம் 10 வாரம் ஏற்றினார்கள். (ஆண் உடல் தானாகச் சுரப்பது நாளுக்கு 10 மி.கி.க்குள்தான்.) எடையே தூக்காமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 3 கிலோ ஏறியது. ஊசியில்லாமல் எடை தூக்கியவர்களுக்கு 2 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.

பெரும்பாலும் ஜிம்முக்கு வந்த இரண்டாம் வருடத்தில்தான் ஊசிக்குக் கை நீள்கிறது. முதல் வருடம் சட்டை இறுகும். அப்புறம் வளர்ச்சி மெதுவாகும். அது இயல்பு. ஆனால் 'நம்ம உடம்பு வாகு இவ்வளவுதான்' என்று முடிவுகட்டிவிடுகிறான். ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து நாலு மணி நேரம் தூங்குபவனுக்கு எது வளரும்? சாப்பாட்டுக் கணக்கும் உதைக்கும். தசை வளர 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு 110 கிராம் புரதம் வேண்டும். 200 கிராம் ராகி மாவில் கிண்டிய களியில் 14 கிராம்தான். ஆறு முட்டை 36, கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கோழி 45, 50 கிராம் கொள்ளு 11 என்று சேர்த்தால்தான் பக்கத்தில் வரும். இந்த ஓட்டையை ஊசி மறைத்துவிடுகிறது.

போலீஸ் செலக்‌ஷனுக்காகப் போடுகிறவர்களை நினைத்தால்தான் எரிச்சல். அங்கே கேட்பது 81 செ.மீ. மார்பு, 5 செ.மீ. விரிவு. அதற்கு ஊசியா?

'பம்ப்' (எடை தூக்கும்போது தசை புடைப்பது) வருவதற்காக மெபென்டர்மின் போடுவது வேறு கதை. அது ஸ்டீராய்டே இல்லை. முதுகில் மயக்க ஊசி போடும்போது இறங்கும் பிரஷரை ஏற்றுகிற மருந்து. தசை வளராது, இதயம்தான் படபடக்கும்.

இரண்டாவது சைக்கிளுக்குக் காரணமே வேறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் விரையை வேலை செய்யச் சொல்லும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் மூளை நிறுத்துகிறது, விரை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை விட்டதும் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் சோர்வு, ஆசையின்மை, இறங்கும் தசை. கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடி போடுகிறான். கல்யாணமாகிக் குழந்தை தங்கவில்லை என்றால் முதலில் பரிசோதனைக்குப் போவது மனைவி. இவன் வாயே திறப்பதில்லை. டாக்டரிடமும் மறைத்தால், 'டெஸ்டோஸ்டிரோன் கம்மி' என்று அதையே எழுதிக்கொடுக்கவும் வாய்ப்புண்டு. விந்தணு இன்னும் விழும்.

ஊசி போட்டவர்களுக்கு மார்புக் காம்புக்கடியில் கட்டி தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். நாள்பட்டு இறுகினால் ஆபரேஷன்தான். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹெமட்டோக்ரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து. நல்ல கொழுப்பான எச்.டி.எல். விழும், மாத்திரை வகை என்றால் இன்னும் மோசமாக. கல்லீரல் டெஸ்டில் ஒரு சூட்சுமம்: கனமாக எடை தூக்கினாலே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஏறும், அது தசையாலா கல்லீரலாலா என்று பிரித்தறிய ஜி.ஜி.டி.யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலை வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு ஹார்மோன் டாக்டரிடம் போங்கள். என்ன மருந்து, எத்தனை வாரம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டில் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், லேபிளில் இருப்பதுதான் உள்ளேயும் இருக்கும் என்று உறுதியில்லாவிட்டாலும்.