டெக்சாஸில் சென்னை விவாகரத்துத் தீர்ப்பு செல்லுமா?

சகோதரி, டாலஸில் இருக்கும் உங்களுக்குச் சம்மனே வராமல் கணவர் சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் எக்ஸ்பார்ட்டி (உங்கள் தரப்பைக் கேட்காமலே தரும்) விவாகரத்து வாங்கிவிட்டார் என்கிறீர்கள். டெக்சாஸ் நீதிமன்றம் அதை ஏற்றே ஆகவேண்டும் என்றில்லை, பயப்படாதீர்கள். 2017-இல் அங்கே நிறைவேறிய ஹவுஸ் பில் 45, குடும்ப வழக்குகளுக்கென்றே வந்த சட்டம். அரசியலமைப்பு உரிமையையோ மாநிலப் பொதுக் கொள்கையையோ மீறும் வெளிநாட்டுத் தீர்ப்பை அது தடுக்கிறது. ஷரியாவைக் குறிவைத்த சட்டம் என்று அப்போது பெரிய சர்ச்சை. ஆனால் வாசகம் எல்லா நாட்டுக்கும் பொது, இந்தியாவுக்கும்தான். நடைமுறைக்கு, அந்தச் சட்டப்படி டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி 308பி இருக்கிறது. சென்னைத் தீர்ப்பை அங்கே அமல்படுத்தக் கேட்கப்போவதாகக் கணவர் தரப்பு அறிவிப்புக் கொடுத்தால் உங்கள் எதிர்ப்பை எழுத்தில் சொல்லக் கெடு உண்டு, தவறவிடாதீர்கள். சம்மன் வராததுதான் உங்கள் பலமே.

சென்னையையும் விட்டுவிடாதீர்கள். சம்மன் முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனுப் போடலாம். இன்றே அங்கொரு வக்கீலைப் பிடியுங்கள்.