பிள்ளைகளுக்கு பிரெஞ்சு: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: மகளுக்கு 8 வயது, மகனுக்கு 6. இரண்டு பேரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பாடமெல்லாம் ஆங்கிலம், இந்தி இப்போதுதான் தொட்டிருக்கிறோம். புதுச்சேரியில் இருக்கும் அண்ணன் பிள்ளைகள் பிரெஞ்சு பேசுவதைக் கேட்டுவிட்டு மகள் தனக்கும் வேண்டும் என்கிறாள். பிரான்ஸ் அரசே தொலைதூரக் கல்வி நடத்துகிறதாமே, அதை வாங்கலாமா? இல்லை, இங்கே கிடைக்கும் பள்ளிப் புத்தகம் போதுமா?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதல் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வது க்னெட் என்ற பிரான்சின் தேசியத் தொலைதூரக் கல்வி நிலையம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதன் தொடக்கப் பள்ளிப் பாடம் பிரெஞ்சு தெரியாத பிள்ளைக்கு பிரெஞ்சு கற்றுத்தருவதற்காகச் செய்ததல்ல. கணக்கு, அறிவியல் எல்லாமே பிரெஞ்சில்தான் வரும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது சரி, உங்கள் மகள் முதல் வாரத்திலேயே அழுவாள்.

பள்ளிப் புத்தகமும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பெரும்பாலும் 5, 6-ஆம் வகுப்பில்தான் பிரெஞ்சு தொடங்குகிறது, அந்தப் புத்தகங்கள் அந்த வயதையும் அந்தப் பரீட்சையையும் மனதில் வைத்து எழுதியவை. கோடிட்ட இடத்தை நிரப்பு, வினைச்சொல்லை ஆறு வடிவத்தில் எழுது, இப்படித்தான் போகும். விலை குறைவு என்பது உண்மை. மகளுக்கு 11 வயதாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. பிரெஞ்சு தாய்மொழியல்லாத சின்னப் பிள்ளைகளுக்கென்றே பிரெஞ்சுப் பதிப்பகங்கள் போடும் புத்தகங்கள். அஷேத் பதிப்பகத்தின் 'லே லூஸ்திக்', க்ளே இன்டர்நேஷனலின் 'ஸிக்ஸாக்' இரண்டும் இந்த வகை. பாடப் புத்தகம், பயிற்சி நோட்டு, ஒலிப்பதிவு என்று சேர்ந்து வரும், பாட்டும் படமும் விளையாட்டுமாகப் போகும். எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல்ல மாட்டேன். கையில் எடுத்து முதல் பாடத்தின் ஒலிப்பதிவைப் போட்டுப் பாருங்கள், மகள் இன்னொரு முறை போடச் சொன்னால் அதை வாங்குங்கள். முதல் சில பக்கங்களிலேயே வினைச்சொல் அட்டவணை கண்ணில் பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதல் நிலையை மட்டும் வாங்கினால் போதும். ஆசிரியர் கையேடு வாங்குவதற்கு முன் அது எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் பிரெஞ்சிலேயேதான் இருக்கும், காசு வீண்.

மகனுக்குப் புத்தகமே வேண்டாம். அக்கா பாடும்போது கூடப் பாடட்டும். ஆங்கிலம் வாசிக்கவே இப்போதுதான் பழகுகிற பிள்ளையிடம் அதே எழுத்துகளைக் காட்டி, இங்கே 'சிஎச்' வந்தால் 'ஷ', 'ஓஐ' வந்தால் 'வா', கடைசி எழுத்தைப் பல நேரம் வாசிக்கவே கூடாது என்றால் இரண்டு மொழியும் குழம்பிவிடும். ஆங்கில வாசிப்பு நிலைக்கட்டும், அப்புறம் பிரெஞ்சு எழுத்து.

உச்சரிப்பில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பிரெஞ்சில் 'ட்டி' எழுத்தின் ஒலி ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'ட' அல்ல, நாக்கு பல்லைத் தொடும் நம் 'த'. 'ப', 'க' கூட ஆங்கிலேயர் மாதிரி மூச்சை ஊதாமல் நம்மைப் போலவேதான். சிக்கல் வேறு இடத்தில். மூக்கு வழியாகச் சொல்லும் உயிரொலிகள் மூன்று, நான்கு இருக்கின்றன, உதட்டைக் குவித்துக்கொண்டு 'இ' சொல்வது போல ஓர் ஒலி இருக்கிறது, இவற்றை எந்த நம்மூர் எழுத்திலும் எழுத முடியாது. அதனால் நோட்டில் பிரெஞ்சு வார்த்தைக்குப் பக்கத்தில் தமிழிலோ மலையாளத்திலோ உச்சரிப்பு எழுதி வைக்காதீர்கள். (இந்தப் பத்தியில் நானே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கு வேறு வழியில்லை.) பிள்ளை காதால் பிடித்ததை விட்டுவிட்டு நோட்டில் இருப்பதை வாசிக்க ஆரம்பித்துவிடும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

கேள்வி: எனக்கு பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாது. மொபைல் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் மகன் தானே கற்றுக்கொள்ள மாட்டானா?
– ஒரு தாய், களியக்காவிளை

பதில்: மாட்டான். ஆப் சொன்ன வார்த்தையைச் சரியாகத் தட்டுவான், யாராவது எதிரில் நின்று பெயர் கேட்டால் விழிப்பான். ஆப் கூடாது என்று சொல்லவில்லை, தினம் பத்து நிமிஷம் இருக்கட்டும். ஆனால் வாரம் ஒரு மணி நேரமாவது பதில் பேசும் ஒரு மனிதர் வேண்டும். உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம்தானே, அங்கே அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு நிலையம் இருக்கிறது. சிறுவர் வகுப்பு எப்போது, ஆன்லைனில் உண்டா என்று நேரில் கேளுங்கள். டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிறுவனத்தின் பிரெஞ்சு கற்கும் தளம் இலவசம், அதில் ஆரம்ப நிலைக்கான வீடியோக்களை நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். மகனைவிட ஒரு பாடம் முன்னால் போனால் போதும். இந்த வயதில் அம்மாவைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி சந்தோஷம், அதைக் கெடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மலையாளமே எழுத வரவில்லை, இதில் பிரெஞ்சு எதற்கு என்று மாமியார் சண்டை பிடிக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.
– ஒரு மருமகள், சித்தூர், பாலக்காடு

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் நான். நாளைக்கே மனம் மாறிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், 2017-இல் கேரளம் கொண்டுவந்த சட்டப்படி அங்கே மலையாளம் கட்டாயப் பாடம். எழுத்து வேலையை மலையாளத்துக்கும் தமிழுக்கும் வையுங்கள். பிரெஞ்சை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வருஷம் பாட்டும் பேச்சுமாக மட்டும் இருக்கட்டும், பேனாவே எடுக்க வேண்டாம். மாமியாரிடம் இதைச் சொல்லும்போது என் பெயரை இழுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு பிரெஞ்சில் சான்றிதழ் கிடைக்குமா?
– ஒரு தகப்பன், குமுளி

பதில்: கிடைக்கும். டெல்ஃப் பிரிம் என்று 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கென்றே தேர்வு இருக்கிறது. எளிதானதில் தொடங்கி ஏ1.1, ஏ1, ஏ2 என மூன்று நிலைகள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. இந்தியாவில் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்கள்தான் நடத்துகின்றன, பள்ளியில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முதல் வருஷத்தில் தேர்வு என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இரண்டாம் வருஷம் மாதிரி வினாத்தாளைச் சும்மா வீட்டில் கொடுத்துப் பாருங்கள், எளிதாக 70 தாண்டினால் பணம் கட்டுங்கள்.