கேஸ் ஷீட்டில் ஏறாத ஊசி

(34 ஆண்டுகள் வார்டு வேலை பார்த்து, நர்சிங் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் 'கேளுங்கள் சிஸ்டர்' பகுதி)

கேள்வி: சிஸ்டர், நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நைட் டியூட்டியில், பதினொன்றாம் பெட்டுக்குப் போட வேண்டிய ஆன்டிபயாட்டிக் ஊசியைப் பன்னிரண்டாம் பெட்டில் இருந்தவருக்குப் போட்டுவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட இருந்த சீனியர் அக்கா, "எழுதாதே, எழுதினா வேலை போயிடும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். எழுதவில்லை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.
– பெயர் வேண்டாம், ஸ்டாஃப் நர்ஸ்

பதில்: தங்கச்சி, கடிதத்தில் போன் நம்பர் கொடுத்திருந்ததால் அன்று சாயங்காலமே உன்னிடம் பேசிவிட்டேன். இதழ் அச்சாகும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. இங்கே எழுதுவது, இதே மாதிரி ஒரு ராத்திரியை உள்ளே பூட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்காக.

'ஒன்றும் ஆகவில்லை' என்று எழுதியிருக்கிறாய். ஊசி ஆள் மாறினால் அதில் மாட்டுவது இரண்டு பேர். பதினொன்றாம் பெட்டுக்காரருக்கு அந்த வேளை மருந்து போனதா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டாம் பெட்டுக்காரருக்கோ, ஒவ்வாமை உடனே வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. சில நாள் கழித்தும் உடம்பில் தடிப்பு கிளம்பலாம். அப்போது பார்க்கிற டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார். அதில் அந்த மருந்தின் பெயரே இருக்காது. காரணம் தெரியாமல் வேறு எதையாவது நிறுத்துவார், வேறு எதையாவது தொடங்குவார். அடுத்த முறை அதே மருந்தையே அவருக்கு எழுதிக் கொடுக்கவும் கூடும். அதனால்தான் எழுதச் சொல்கிறேன். உன்னைப் பிடித்துக் கொடுப்பதற்காக இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இரண்டு வருட அனுபவம். அடுத்தடுத்த பெட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவருக்குச் சர்க்கரை நோய், மற்றவருக்கு இல்லை. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், இல்லாதவர் "ஆமாம்" என்றார். 10 யூனிட் இன்சுலின் போட்டுவிட்டேன். ஊசியைக் கீழே வைக்கும்போதே உறைத்தது. ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் சொன்னேன். சர்க்கரை 52-க்கு இறங்கியது, குளுக்கோஸ் ஏற்றினோம், விடிவதற்குள் தேறிவிட்டார். கேஸ் ஷீட்டிலும் எழுதினேன். அதுவரை சரி. ஆனால் அவர் மனைவி கேட்டபோது, "கொஞ்சம் பலவீனம், அதான் குளுக்கோஸ்" என்று சொன்னேன். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த மனிதர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "சிஸ்டர், அன்னிக்குப் போட்ட ஊசி எனக்குள்ளதுதானா?" பக்கத்துப் பெட்டுக்காரர் அவரிடம் பேசியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. பில் ரெடியாகிவிட்டதா என்று பார்த்து வருவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன். ஊசி மாறியதைவிட அந்த நகர்தல்தான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. காகிதம் ஒன்று சொல்லும்போது நோயாளியின் காதுக்கு வேறொன்று போகக் கூடாது.

சரி, செய்ய வேண்டியது. இரண்டு பேரையும் போய்ப் பார். பன்னிரண்டில் இருப்பவரிடம் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேள். டாக்டரிடமும் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் சொல். அப்புறம் எழுது. பழைய பக்கத்தில் இடுக்கில் நுழைக்காதே, பழைய தேதியும் போடாதே. இன்றைய தேதி, இன்றைய நேரம் போட்டு, 'தாமதமாகப் பதிவு செய்வது' என்று தொடங்கி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருக்கு என்று மட்டும் எழுது. 'வேலைப்பளுவால்', 'அவர் சரியாகச் சொல்லாததால்' எல்லாம் அங்கே வேண்டாம். சம்பவ அறிக்கைப் படிவம் இருந்தால், ஒரே நர்ஸுக்கு எத்தனை நோயாளிகள், விளக்கு எப்படி இருந்தது என்பதை எல்லாம் அதில் எழுது. நோயாளியிடம் சொல்லும்போது டாக்டரும் உடன் இருக்கட்டும், ஆனால் நீயும் இரு.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இருந்தாலும் பொதுவாக நீதிமன்றங்கள் கேட்பது, உன் இடத்தில் கவனமுள்ள இன்னொரு நர்ஸ் இருந்தால் என்ன செய்திருப்பார், நீ அதைச் செய்தாயா, அதனால் தீங்கு நேர்ந்ததா என்பதுதான். தவறு நடந்தது என்பதால் மட்டும் அது சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. ஆனால் மறைத்ததும் ஏட்டைத் திருத்தியதும் தெரிந்துவிட்டால், அப்புறம் நீ சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று நான் உறுதி தர முடியாது. ஆனால் எழுதியவர்களுக்காக மேலிடத்தில் வாதாடியிருக்கிறேன். மறைத்து மாட்டியவர்களுக்காக வாதாட என்னிடம் வார்த்தை இருந்ததில்லை.

அந்த அக்கா கெட்டவர் இல்லை. எழுதினால் திட்டு மட்டுமே கிடைக்கும் வார்டில் வளர்ந்திருப்பார். அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1999-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று மதிப்பிட்ட அறிக்கை அது. பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம் பொறுப்பில்லாத தனி ஆட்கள் இல்லை, தவறுக்கு இடம் கொடுக்கிற ஏற்பாடுகள்தான் என்றும் சொன்னது. பெயரோடு நோயாளி எண்ணையும் கேட்பது, பெயரை நாம் சொல்லாமல் அவரையே சொல்ல வைப்பது எல்லாம் யாரோ தன் தவறை எழுதி வைத்ததால் வந்த பழக்கங்கள். உன் தூக்கம் போனதற்கும் ஒரு பெயர் உண்டு. ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-ல் எழுதிய கட்டுரையில், தவறு செய்துவிட்டுத் தவிக்கும் மருத்துவப் பணியாளரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்றார். அதனால் யாரிடமாவது மனம்விட்டுப் பேசு. ஆனால் முதலாமவர் பன்னிரண்டாம் பெட்டில் இருக்கிறார் என்பதை மறக்காதே.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க என்னைத்தான் அனுப்புகிறார்கள். "இதுல என்ன ஆபத்து இருக்கு?" என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது?
– ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்

பதில்: அவர் அப்படிக் கேட்டால் கையெழுத்துக்கு நேரம் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். படிவத்தை மடித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். விளக்குவது ஆபரேஷன் செய்பவரின் கடமை, நீங்கள் சாட்சிதான். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்பது நம் வாயில் தானாக வருகிற வாக்கியம். நானும் நூறு முறை சொல்லியிருப்பேன். அதை மட்டும் சொல்லாதீர்கள்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்த்த மான்ட்கோமரி வழக்கு இதைப் பற்றியதுதான். உயரம் குறைந்த, சர்க்கரை நோய் உள்ள தாய். சர்க்கரை நோய் உள்ள தாய்மார்களுக்குச் சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9 முதல் 10 சதவீத வாய்ப்பு உண்டு. சொன்னால் சிசேரியன் கேட்பார்கள் என்று டாக்டர் அதைச் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. மற்ற டாக்டர்கள் சொல்லியிருப்பார்களா என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. அந்த நிலையில் உள்ள ஒருவர் எதை முக்கியமாக நினைப்பாரோ அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. நோயாளியின் பெட் பக்கத்தில் அதிக நேரம் நிற்பது நாம். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று டாக்டருக்கு முன்பே நமக்குத் தெரியும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நம் வேலைதான்.

கேள்வி: நான் லேப் டெக்னீஷியன். நண்பன் தன் அண்ணனின் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறான். சொந்த அண்ணன்தானே?
– வாசகர்

பதில்: தம்பி, அண்ணன் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் ரிப்போர்ட் அண்ணனுக்குத்தான் சொந்தம். அவன் அண்ணனிடமே கேட்கட்டும். நீ திறந்து பார்ப்பதே தவறு, வெளியே சொல்வது அப்புறம். 1948-ல் வந்த ஜெனிவா பிரகடனம் என்ற மருத்துவர்களுக்கான உறுதிமொழி, இப்போதுள்ள வடிவில், நோயாளி இறந்த பிறகும் ரகசியம் காக்கச் சொல்கிறது. விதிவிலக்கு உண்டு. இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வாய்மூடி இருக்கக் கூடாது என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-ல் டாராசாஃப் வழக்கில் சொன்னது. தன்னிடம் சிகிச்சை பெறுபவரால் மற்றொருவருக்கு ஆபத்து என்று அறிந்த மனநல சிகிச்சையாளர்களுக்குச் சொன்னது அது. உன் நண்பனின் ஆர்வம் அந்தக் கணக்கில் வராது.

கேள்வி: நைட் டியூட்டியில் ஜாலியாக ஒரு ரீல்ஸ் எடுத்தோம். நோயாளி யாரும் அதில் இல்லை. போடலாமா?
– நான்கு தோழிகள்

பதில்: அனுப்பிய வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். நன்றாகத்தான் ஆடுகிறீர்கள். ஏழாவது நொடியில், இடது பக்கம் நிற்பவரின் தோளுக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பலகையில் ஆறு பெயர்களும் அவற்றுக்கு எதிரே நோயும் தெளிவாகத் தெரிகின்றன. நான் அழித்துவிட்டேன், நீங்களும் நாலு போனிலும் அழியுங்கள்.