ஜேன் எயர் நாவலை முதல் தடவை வாசித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கிளிநொச்சியில் வீட்டோடு இருந்த மாதங்களில் வாசித்தேன். நல்ல காதல் கதை என்று சொல்லித்தான் பக்கத்து வீட்டு அக்கா தந்தார். ஆனால் 38 அத்தியாயங்களில் முதல் 9 சிறுபிள்ளைக் காலம். அதைத் தாண்டவே எனக்கு ஒரு கிழமை போனது.

தாய் தகப்பன் இல்லாத 10 வயதுப் பிள்ளை ஜேன், செத்துப்போன மாமாவின் வீட்டில் வளர்கிறாள். சிவப்புத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, யன்னலடியில் காலை மடக்கிக்கொண்டு பறவைகளைப் பற்றிய புத்தகம் பார்க்கிறாள். மச்சான் ஜோன் வந்து, எங்கள் புத்தகத்தைத் தொட உனக்கென்ன உரிமை, நீ எங்களை அண்டி இருக்கிறவள் என்கிறான். அதே புத்தகத்தாலேயே எறிகிறான். கதவில் மோதி அவளுடைய தலை வெடிக்கிறது.

எறியை விட அந்த ‘எங்கள்’தான் எனக்குச் சுட்டது. போர் முடிந்த 2009க்குப் பிறகு நானும் மாமி வீட்டில் வளர்ந்தவள். மாமி ஒருநாளும் கை நீட்டியதில்லை, சோற்றுக்கும் குறைவில்லை. ஆனாலும் சட்டியில் எத்தனை மீன் துண்டு கிடக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் அகப்பையை வைப்பேன். அப்படிச் செய் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் ஜேனை அனுப்பிவிடுகிற லோவூட் விடுதிப் பள்ளிக்கூடம். முதல் நாள் காலை அடிப்பிடித்த கஞ்சி. அவ்வளவு பசியிலும் ஒருவராலும் விழுங்க முடியவில்லை. ஆசிரியை டெம்பிள் இரங்கிப் பாணும் சீஸும் கொடுக்கிறார். அதற்காகப் பிறகு பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் அவரைக் கண்டிக்கிறார், உடலுக்குத் தீனி போட்டு ஆன்மாவைப் பட்டினி போடுகிறீர்களாம். போரின் கடைசி நாட்களை நினைத்து மே மாதத்தில் சிரட்டையில் கஞ்சி வாங்கிக் குடிக்கிற மண்ணில் இருந்து அதை வாசிக்க எனக்குக் கை நடுங்கியது. 1847இல் இதை எழுதி வெளியிட்ட சார்லட் பிரான்டே, அப்படியொரு விடுதிப் பள்ளியில் நோய்ப்பட்ட இரண்டு அக்காமாரை 1825இல் பறிகொடுத்தவர். ஜேனின் கைக்குள்ளேயே உயிர் விடுகிற தோழி ஹெலன், அந்த இருவரில் மூத்த அக்காதான்.

காதல் பகுதி முதல் தடவையில் மனதில் ஒட்டவே இல்லை.

ஒட்டியது 4ஆம் அத்தியாயம். வீட்டை விட்டு அனுப்பப்படுவதற்கு முன் ஜேன் மாமாவின் மனைவி முன் நிமிர்ந்து நின்று சொல்கிறாள், உயிருள்ளவரை இனி உங்களை மாமி என்று கூப்பிட மாட்டேன் என்று. அதை வாசித்தபோது குசினியில் மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய், “மாமி” என்று சும்மா ஒருக்கால் கூப்பிட்டேன். “என்னடி பிள்ளை, பசிக்குதே?” என்றார்.