ஐஸ் கோரில் (பனியைத் துளைத்து எடுக்கும் நீண்ட உருளையில்) ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) குறைவாக இருந்தால் அந்த ஆண்டு குளிர் என்று பொருளா? வெப்பமண்டல மலைகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. துருவங்களில் பெருமளவு செல்லுபடியாகும் அந்தக் கணக்கு, பருவ அளவில் பார்த்தால் ஆண்டீஸில் தலைகீழாகிவிடுகிறது.

பெருவில் உள்ள கெல்காயா பனிக்கவிகையை (மலையுச்சியை மூடிக் கிடக்கும் பெரிய பனிப்பாளத்தை) எடுத்துக்கொள்வோம். உச்சி சுமார் 5,670 மீட்டர். 1983-ல் அமெரிக்கப் பனியாய்வாளர் லோனி தாம்சன் குழு, சூரிய மின்சாரத்தில் ஓடும் துளைப்பான் கொண்டு அங்கே 155, 164 மீட்டர் நீளத்தில் இரண்டு கோர்கள் எடுத்தது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் அதில் அடுக்கடுக்காக இருந்தன. ஆண்டின் பனியில் பெரும்பகுதி நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள் விழுந்துவிடும். பிறகு வறண்ட மாதங்கள். காற்று கொண்டுவரும் தூசு மேலே படிந்து கோடாகிறது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஓர் ஆண்டு. எண்ணிக்கை பிசகியதா என்று பார்க்க, 1600-ல் வெடித்த வைனாபுடினா எரிமலையின் சாம்பல் இருக்கிறது.

இனி ஆக்சிஜன்-18. அளவு −20 என்றால், கடல்நீரின் திட்ட அளவைவிட ஆயிரத்துக்கு 20 பங்கு குறைவு. கெல்காயாவில் இது மிகக் குறைவது குளிர்ந்த வறண்ட பருவத்தில் அல்ல, சற்றே வெப்பமான மழைக்காலத்தில்! அட்லாண்டிக்கில் கிளம்பும் ஈரம் அமேசான் முழுவதும் மழையாகக் கொட்டிக்கொண்டே வருகிறது. கனமான மூலக்கூறுகள் வழியிலேயே முதலில் இறங்கிவிடும். மலைக்கு வந்து சேர்வது மிச்சம்தான். ஆகவே ஒரு தனி ஆண்டின் எண்ணை வெப்பமானியாகப் படிப்பது தவறு. பல பத்தாண்டுச் சராசரி எடுத்தால் பசிபிக் கடற்பரப்பு வெப்பத்தோடு நல்ல பொருத்தம் கிடைக்கிறது.

அடுக்கின் தடிமனும் அப்படியே மழையளவு ஆகிவிடாது. மேலிருக்கும் பாரத்தில் பனி பக்கவாட்டில் வழிவதால் அடியில் உள்ள அடுக்குகள் மெலிந்துபோகின்றன. பனி எப்படி வழிகிறது என்பதைக் காட்டும் கணக்கீட்டைக் கொண்டு பழைய தடிமனை மீட்ட பிறகே எல் நினோ (பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தைவிட வெப்பமாகும்) ஆண்டுகளின் பனிக்குறைவைத் தேட வேண்டும். ஆய்வுக்காகக் கோரைத் துண்டுகளாக வெட்டும்போதும் கவனம் தேவை: ஓராண்டு அடுக்கு 8 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தில் 8 சென்டிமீட்டர் துண்டாக வெட்டினால் பருவம் முழுக்கக் காணாமல் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை உருகல். மேற்பரப்பில் உருகிய நீர் கீழே கசிந்து, கீழிருக்கும் ஆண்டுகளோடு கலந்துவிடும். 1991-ல் அதே உச்சியில் எடுத்த ஆழமில்லாத கோரில், மேல் சில மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன்-18-இன் பருவ ஏற்ற இறக்கம் மழுங்கிப் போயிருந்தது. 1983-இன் கோர்களில் அது தெளிவாக இருந்தது.