டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் முதலாண்டு, இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். கணிதத்தாளில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் (வகைக்கெழுச் சமன்பாடு) ஆரம்பித்ததிலிருந்து கையே ஓடவில்லை. யூடியூபில் ஒருவர் கணக்கு போடுவதைப் பார்த்தால் எல்லாம் புரிகிறது. அதே கணக்கை நோட்டில் தனியாகப் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. இன்டர்னலில் 50க்கு 14. செமஸ்டருக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. சாரிடம் கேட்கலாம் என்றால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. நான் போட்ட இரண்டு கணக்குகளை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். டியூஷன் சேரலாமா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் போட்ட கணக்குகளையே அனுப்பியது நல்லதாயிற்று. 'புரியவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் பொத்தாம்பொதுவாக எதையாவது சொல்லியிருப்பேன்.

முதல் கணக்கு: எக்ஸ் ஒய்′ + 2ஒய் = 4எக்ஸ்². லீனியர் வகை (ஒய்-யும் ஒய்′-உம் முதல் அடுக்கில் மட்டும் வருவது) என்று சரியாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். எக்ஸால் வகுத்து, ஒய்′ + (2/எக்ஸ்) ஒய் = 4எக்ஸ் என்று மாற்றியதும் சரி. பலர் வகுக்க மறந்து 2-ஐயே பி (ஒய்-யின் கெழு) என்று எடுத்துவிடுவார்கள். நீங்கள் அங்கே தப்பித்து அடுத்த வரியில் மாட்டிக்கொண்டீர்கள். இருபக்கத்தையும் பெருக்கவேண்டிய இன்டக்ரேட்டிங் ஃபேக்டர் இ^(2 லாக் எக்ஸ்). இதை 2எக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எக்ஸ்². லாக்கின் முன்னால் நிற்கும் 2 உள்ளே போய் அடுக்காக உட்காரும். பதினொன்றாம் வகுப்பிலேயே படித்த மடக்கை விதி இது. டிஃபரன்ஷியல் ஈக்வேஷனுக்கும் இந்தத் தவறுக்கும் சம்பந்தமே இல்லை.

எக்ஸ்²-ஆல் பெருக்கினால் இடப்பக்கம் (எக்ஸ்² ஒய்) என்பதன் டெரிவேட்டிவ் ஆகிவிடும், வலப்பக்கம் 4எக்ஸ்³. தொகையிட்டால் எக்ஸ்² ஒய் = எக்ஸ்⁴ + சி. ஆக, ஒய் = எக்ஸ்² + சி/எக்ஸ்². இந்தக் கடைசி வரியில் சி-யை வகுக்காமல் எக்ஸ்² + சி என்று எழுதி மார்க்கை விடுபவர்களும் உண்டு. சி கடைசியில் ஒட்டவைக்கும் வால் அல்ல, தொகையிட்ட இடத்திலேயே பிறந்துவிடுகிறது. அதற்குப் பிறகு செய்யும் வகுத்தல், பெருக்கல் எல்லாம் அதற்கும் உண்டு.

உங்கள் விடை 4எக்ஸ்²/3 + சி/2எக்ஸ். அதைக் கொடுத்த சமன்பாட்டிலேயே போட்டுப் பார்த்திருந்தால் இடப்பக்கம் 16எக்ஸ்²/3 + சி/2எக்ஸ் என்று வந்திருக்கும். வரவேண்டியது 4எக்ஸ்². ஒரு நிமிட வேலைதான். விடை சரியா என்று சொல்ல இந்தப் பாடத்தில் யாரும் தேவையில்லை, சமன்பாடே சொல்லிவிடும். இருந்தும் பத்தில் ஒன்பது பேர் விடையைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஏன் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இரண்டாவது கணக்கு: ஒய்″ − 3ஒய்′ + 2ஒய் = இ^எக்ஸ். ஆக்ஸிலரி ஈக்வேஷனின் (எம்² − 3எம் + 2 = 0) மூலங்கள் 1, 2. சிஎஃப் (காம்ப்ளிமென்டரி ஃபங்ஷன், அதாவது வலப்பக்கம் பூஜ்யம் என்று வைத்தால் வரும் தீர்வு) சரி. பிஐ-க்கு (பர்டிகுலர் இன்டக்ரல், அதாவது வலப்பக்கத்துக்கான தனித் தீர்வு) டி-யின் (டெரிவேட்டிவைக் குறிக்கும் எழுத்து) இடத்தில் 1 போட்டதும் கீழே 1 − 3 + 2 = 0 வந்திருக்கிறது. அங்கே பேனாவை வைத்துவிட்டீர்கள். வீடியோவில் பார்த்த கணக்கில் பூஜ்யம் வந்திருக்காது.

அந்தப் பூஜ்யம் ஏன் வந்தது என்று பாருங்கள். இ^எக்ஸ் ஏற்கெனவே உங்கள் சிஎஃப்-பில் இருக்கிறது. அப்படியென்றால் ஏ இ^எக்ஸ்-ஐ இடப்பக்கத்தில் போட்டால், ஏ எதுவாக இருந்தாலும் பூஜ்யம்தான் வரும். பூஜ்யம் ஒருநாளும் இ^எக்ஸ் ஆகாது. அதனால்தான் எக்ஸ் ஒன்றைச் சேர்த்து எக்ஸ் இ^எக்ஸ் என்று முயல்கிறோம். ஃபார்முலாப்படி, மேலே எக்ஸ், கீழே பகுதியின் டெரிவேட்டிவ் 2டி − 3. டி = 1 என்றால் −1. பிஐ = −எக்ஸ் இ^எக்ஸ். போட்டுப் பாருங்கள்: −(எக்ஸ்+2) + 3(எக்ஸ்+1) − 2எக்ஸ் = 1, அதைப் பெருக்கி நிற்பது இ^எக்ஸ். சரியாக வருகிறது. அந்த மூலம் இரண்டுமுறை வந்திருந்தால் எக்ஸ்² வேண்டியிருக்கும்.

ஒய்″ + 4ஒய் = சைன் 2எக்ஸ் என்பதிலும் இதே சங்கதிதான். டி²-க்கு −4 போட்டதும் (சிலர் +4 போடுவார்கள், அது தனித் தவறு) கீழே பூஜ்யம். பிஐ = −(எக்ஸ்/4) காஸ் 2எக்ஸ். முன்னால் நிற்கும் அந்த எக்ஸைக் கவனியுங்கள். எக்ஸ் கூடக் கூட ஆட்டத்தின் வீச்சும் கூடிக்கொண்டே போகும். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் நடப்பது இதுதான். மெக்கானிக்கல்காரர்கள் பின்னால் ரெஸொனன்ஸ் என்று தனியாகப் படிப்பார்கள்.

இனி ஆறு வாரக் கணக்கு. முதல் பத்து நாள் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனைத் தொடவே வேண்டாம். அரசுப் பாடநூலின் பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் தொகை நுண்கணிதம் இருக்கிறது. அதில் பிரதியிடல், பகுதித் தொகையிடல், பகுதிப் பின்னம் மூன்றையும் கையால் போடுங்கள். எக்ஸ் இ^எக்ஸ், 1/(எக்ஸ்² − 1), டேன் எக்ஸ், இ^எக்ஸ் சைன் எக்ஸ் ஆகிய நான்கையும் தடுமாறாமல் தொகையிட முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் தொகுதி, பத்தாவது பாடம். முதல் வரிசைச் சமன்பாடுகள் அங்கே பொறுமையாகவே இருக்கின்றன.

அடுத்தது, வீடியோ பார்க்கும்போது புரிவதும் தேர்வில் முடியாததும். வீடியோவின் தலைப்பிலேயே 'லீனியர்', 'எக்ஸாக்ட்', 'பெர்னூலி' என்று போட்டுவிடுகிறார்கள். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. எனவே வெவ்வேறு பயிற்சிகளிலிருந்து முப்பது கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, வகை என்ன, முதல் படி என்ன என்று மட்டும் சொல்லுங்கள். தீர்க்க வேண்டாம். மாறிகளைப் பிரிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், முடியாவிட்டால் லீனியரா என்று பாருங்கள், மற்றவை அதற்குப் பிறகு. வலப்பக்கம் ஒய்-யின் அடுக்கு தலைகாட்டினால் பெர்னூலி என்று சந்தேகப்படலாம்.

ஆரம்ப நிபந்தனை கொடுத்த கணக்கில் சிஎஃப்-பும் பிஐ-யும் சேர்த்த பிறகே மாறிலிகளைக் கண்டுபிடிக்க வேண்டும். சிஎஃப்-பில் மட்டும் போட்டால் முழுதும் தப்பு.

வீடியோ வேண்டுமென்றால் எம்ஐடி ஓப்பன் கோர்ஸ்வேரில் ஆர்தர் மாட்டக்கின் 18.03 வகுப்புகள் இலவசம். முதல் வகுப்பு ஃபார்முலாவில் தொடங்காமல் படத்தில் தொடங்கும். ஆங்கிலம் கொஞ்சம் வேகம்தான், நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

சாரிடம் போகும்போது 'எதுவுமே புரியலை சார்' என்று நிற்காதீர்கள். அவர் முதலிலிருந்து பாடம் நடத்துவார், நீங்கள் தலையாட்டிவிட்டு வருவீர்கள். இரண்டாவது கணக்கை எடுத்துப் போய், பூஜ்யம் வந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, 'இங்கே பூஜ்யம் வருது சார், அடுத்து என்ன செய்யணும், ஏன்?' என்று கேளுங்கள். ஃப்ரீ பீரியடில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

டியூஷனைப் பற்றி: அவர் போர்டில் போட, நீங்கள் காப்பி எடுக்கும் டியூஷன் என்றால் யூடியூபே போதும், காசு மிச்சம். உங்களைப் போடச்சொல்லி, நிற்கும் இடத்தில் மட்டும் கை கொடுப்பவர் கிடைத்தால் சேருங்கள். ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்தாலே எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

அன்புடன்