பழைய பேய்ப்படங்கள், புதிய பேய்ப்படங்கள்: எவை இன்றும் உண்மையாகவே பயமுறுத்துகின்றன?

பழைய பேய்ப்படங்களைப் பார்த்தால் இன்று சிரிப்புத்தான் வருகிறது என்று பலர் சொல்வதாகவும், அது உண்மைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில படங்களைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் படத்தின் வயது என்று நான் நினைக்கவில்லை. பேயை வெளிச்சத்தில் நிறுத்தி முகம் முழுவதையும் காட்டிவிட்ட படம், அந்த ஒப்பனை பழசாகும் நாளில் தானும் பழசாகிவிடுகிறது. காட்டாமல் விட்ட படம் அப்படிப் பழசாவதில்லை.

போர் நடந்த தொண்ணூறுகளில், இலங்கையின் வடக்கே நாங்கள் இருந்த வன்னியில் மின்சாரம் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ கசெற் ஓட்டும் டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஊர் முழுவதும் ஒரு வளவில் கூடி, விடிய விடியப் படம் பார்ப்போம். 1990இல் வெளிவந்த ‘13-ம் நம்பர் வீடு’ படத்தை அப்படித்தான் ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு முற்றத்தில், பனையோலைப் பாயில் அம்மாவின் மடியோடு ஒட்டியிருந்து பார்த்தேன். இடையில் மண்ணெண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் நின்றபோது, திரையில் இருந்த உருவம் முழுவதும் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, அந்தப் புள்ளி மெல்ல மெல்ல அணைந்தது. அது அணைந்து முடியும்வரை எவரும் பேசவில்லை. படத்தின் கதை இன்று எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அந்த இருட்டு முழுதாக நினைவிருக்கிறது. அண்மையில் அதே படத்தை மீண்டும் பார்த்தேன், பயம் வரவில்லை. அன்று என்னைப் பயமுறுத்தியதில் பெரும்பங்கு குளக்கட்டு வழியே வீடு திரும்பிய அந்த நடைக்குரியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே, என் நினைவை மட்டும் நம்பிப் பதில் சொல்லக் கூடாது என்று எண்ணி, சென்ற மார்கழி மழைக்குள் விடுமுறைக்கு வந்திருந்த மருமகனோடு ஒரு கிழமை இருந்து பழையதும் புதியதுமாகப் பார்த்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. எதையும் கைப்பேசியில் பார்த்துப் பழகியவன்.

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தின் முடிவு அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது. இரத்தமாகத் தெரிவது சாக்லேட் பாகு என்பதும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், குளியலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் அந்த நிழல் அசையத் தொடங்கியவுடன் அவன் கையிலிருந்த கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்கள் கிறீச்சிடும் இசையை அமைத்துக் கேட்கச் செய்த பிறகே மனம் மாறினார். எனக்கோ, அந்த இசைக்கு முன்னால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும் சில கணங்களே அதிகப் பயத்தைத் தருகின்றன.

‘தி எக்ஸோசிஸ்ட்’ (1973) வேறு விதமாகப் போயிற்று. பேய் பிடித்த சிறுமியின் தலை பின்பக்கம் திரும்பும் புகழ்பெற்ற காட்சியில் அவன் சிரித்தான். ஆனால் மருத்துவமனையில் அந்தச் சிறுமியின் கழுத்தில் ஊசி ஏற்றிப் பரிசோதனை செய்யும் இடத்தில், இயந்திரம் தடதடவென்று அடிக்க, “மாமா, இதைப் பார்க்கேலாது, வேகமா ஓட்டி விடுங்கோ” என்றான். பேயே இல்லாத காட்சி அது.

ஒரு படத்தை மட்டும் தெரிவு செய்யச் சொன்னால், ஹிடியோ நகாட்டா இயக்கிய ஜப்பானியப் படமான ‘ரிங்கு’வைத்தான் (1998) சொல்வேன். ஒரு வீடியோ கசெற்றைப் பார்த்தவர் ஏழு நாளில் இறந்துவிடுவார் என்பது கதை. கசெற் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கும், ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கும் சைக்கிளில் கைமாறித் திரிந்த காலத்தில் வளர்ந்த எனக்கு அந்தக் கதை நெஞ்சுக்குள் இறங்கியதில் வியப்பில்லை. ஆனால் கசெற்றைக் கையால் தொட்டே அறியாத மருமகனும் உறைந்து போனான். கிணற்றுக்குள் இருந்து ஏறி வரும் பேய்ப் பெண்ணின் நடையில் ஏதோ பிசகு இருப்பது கண்ணுக்குத் தெரியும், என்னவென்று சொல்ல வராது. நடிகையைப் பின்பக்கமாக நடக்க வைத்துப் படமாக்கி, அதை முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். முகத்தையும் கூந்தலால் மூடிவிட்டார்கள். எங்கள் வளவுக் கிணற்றுக்கு மூன்றடிக் கட்டுத்தான் உண்டு. அன்றிரவு அவன் கால் கழுவக் கிணற்றடிக்குப் போகவில்லை. வாளித் தண்ணீரை மாலையிலேயே அள்ளி வைக்காததற்கு என்னைக் கோபித்துக்கொண்டான்.

புதிய படங்களில் எனக்குள்ள பெரிய மனக்குறை சத்தம். நீண்ட அமைதிக்குப் பின் திடீரென்று வெடிக்கும் ஓசை எவரையும் துள்ள வைக்கும், ஆனால் அந்தத் துள்ளல் அடுத்த நிமிடமே தீர்ந்துவிடும். அத்தகைய ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டார். “உதைக் குறைச்சு விடுங்கோ, எனக்கு நெஞ்சு அடிக்குது” என்றார். எறிகணைச் சத்தத்தைக் கேட்டுப் பதுங்கு குழிக்குள் பிள்ளைகளை இழுத்துப் போட்ட ஒருவருக்கு அந்த ஓசை பேயை நினைவூட்டவில்லை. அதன்பின் அவர் இருக்கும்போது நாங்கள் அத்தகைய படங்களைப் போடவில்லை.

ஆனாலும் புதியவை எல்லாவற்றையும் நான் ஒதுக்க மாட்டேன். ஜேம்ஸ் வானின் ‘தி கொஞ்சரிங்’ (2013) படத்தில், கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டல் கேட்கும் திசையில் பிள்ளைகளைத் தேடும் தாயின் முன்னால், அலுமாரிக்குள் இருந்து இரண்டு கைகள் வெளிவந்து தட்டுகின்றனவே, அந்த இரண்டு தட்டலும் போதும். தமிழில் ‘காஞ்சனா’வுக்குப் (2011) பிறகு நகைச்சுவையோடு கலந்த பேய்ப்படங்கள் பெருகிவிட்டன, அவற்றைக் குடும்பத்தோடு ரசிக்கலாம், பயத்துக்காகத் தேட வேண்டாம். பயம் வேண்டுவோர் விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) பார்க்கட்டும். தன் வீட்டில் நடப்பதெல்லாம் தொலைக்காட்சித் தொடரில் முன்கூட்டியே வருவதைக் கவனிக்கும் ஒருவனின் பயம் அது. நாள்தோறும் தொடர் ஓடும் எங்கள் வீடுகளுக்குள் அந்தப் பயம் வெகு எளிதாக நுழைந்துவிடுகிறது.

நீங்கள் பார்ப்பதாயின் ‘ரிங்கு’விலிருந்து தொடங்குங்கள். காதுக்குள் இயர்போனைச் செருகாமல், அறைக்குள் ஒலி பரவ விட்டு, விளக்கை அணைத்துப் பாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது.